இரவுப் பணியை யார் எடுத்துக்கொள்வது: ஒரு கால்நடை மருத்துவர் சங்கத்தின் நிகழ்வு ஆய்வு

இது ஒரு கால்நடை மருத்துவர் சங்கத்தில் நடந்தது. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். வரைவை அவர் இரண்டு முறை படித்தார். மூன்று இடங்களைத் திருத்தச் சொன்னார், திருத்திவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். அப்போது நான் சங்கத்தின் இணைச் செயலாளராக இருந்தேன். அதனால் கீழே வரும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

நடுவில் தற்கொலை எண்ணம் பற்றிய பகுதி ஒன்று இருக்கிறது. இப்போது அதைப் படிக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் 'அந்த மாலை' என்ற பகுதியைத் தாண்டிப் போகலாம்.

பின்னணி

சங்கத்தில் ஏறக்குறைய தொண்ணூறு பேர். பாதிக்கு மேல் தனி ஆளாக மருத்துவமனை நடத்துபவர்கள். பகலில் அறுவை, புறநோயாளிகள். இரவில் அவசர அழைப்பு. மாதம் ஒரு பயிற்சி வகுப்பு, ஆண்டுக்கு ஒரு மாநாடு, கட்டணம் பற்றிய பேச்சுவார்த்தை, இவைதான் சங்கத்தின் வேலை. நல நிதி ஒன்றும் இருந்தது. உறுப்பினர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ அதிலிருந்து பணம் தரலாம். மற்ற எந்தக் கஷ்டத்துக்கும் விதிகளில் இடம் இல்லை. யாரும் இடம் கேட்டதும் இல்லை.

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் மருத்துவர். பதினான்கு ஆண்டுகளாகத் தனியாக மருத்துவமனை நடத்திவந்தார். ஒரு வரவேற்பாளர், ஓர் உதவியாளர், அவ்வளவுதான். இளைய உறுப்பினர்கள் சந்தேகம் வந்தால் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். 'அக்கா எடுப்பாங்க' என்று ஒரு பேச்சே இருந்தது.

நடந்த தவறு

அன்று விடியற்காலை மூன்று மணிக்குப் பிரசவ அவசரம் ஒன்றுக்காகப் பண்ணைக்குப் போனார். அங்கிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்துவிட்டார். கடைசி வேலையாக ஒரு வயதான பூனைக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. மயக்கம் தெளியும் முன்னால் வலிநிவாரணி ஊசி போட்டார்.

மருந்து மெலாக்சிகாம். நாய், பூனைக்கான குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கும். மாடு, குதிரைக்கானதில் 20 மில்லிகிராம். காலையில் பண்ணைக்குக் கொண்டுபோன பெரிய குப்பி, பையிலிருந்து எடுத்து வைத்தபோது சிறிய குப்பியின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஊசியில் இழுத்த கன அளவு சரி, உள்ளே போன மருந்து நான்கு மடங்கு. இந்த மருந்து அளவு கூடினால் பூனையின் சிறுநீரகம் தாங்காது. மயக்க மருந்தினால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் நேரத்தில் இன்னும் மோசம்.

மறுநாள் காலை குப்பியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே பூனையை வரவழைத்துச் சொட்டு மருந்து ஏற்றினார். வீட்டாரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னார். ஐந்தாம் நாள் பூனை இறந்தது.

அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினோரு ஆண்டுகள் வளர்த்த உயிர் அது. அவர்கள் உரிமம் வழங்கும் மன்றத்தில் புகார் கொடுத்தது முழு நியாயம். ஆனால் அவர்கள் இணையத்தில் எழுதிய பதிவு அவர்களுக்கே தெரியாதவர்களிடம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. அந்த முகம் தெரியாதவர்கள் மருத்துவமனைத் தொலைபேசியில் பேசிய பேச்சு வேறு விஷயம்.

கவனித்தவையும் தவறவிட்டவையும்

மூன்று வாரம் வரை சங்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். இப்போது திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் வரிசையாக நிற்கின்றன. தொடர்ந்து இரண்டு வகுப்புகளுக்கு வரவில்லை. குழுவில் கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் போடவில்லை. தூக்கத்திலேயே செய்யக்கூடிய கருத்தடை அறுவைகளை அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கிருந்த மருத்துவர், 'வேலை அதிகம் போல' என்று எடுத்துக்கொண்டார்.

கண்டுபிடித்தது பட்டம் பெற்று இரண்டே ஆண்டு ஆன ஓர் இளைஞர். சாதாரணமான ஒரு நுண்ணுயிர்க்கொல்லியின் அளவைச் சரிபார்க்க, ஒரே மாலையில் அக்கா தன்னை மூன்று முறை கூப்பிட்டார் என்று என்னிடம் சொன்னார். 'நான்தான் அவங்களைக் கேட்பேன். அவங்க என்னைக் கேட்கிறாங்க' என்றார். அவர் குரலில் இருந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது.

முதல் முயற்சி

நான் தலைவரிடம் சொன்னேன். தலைவர் நல்ல மனதோடு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார்: நம் உறுப்பினர் ஒருவர் சோதனையான காலத்தில் இருக்கிறார், அனைவரும் துணை நிற்போம். பெயர் இல்லை. தேவையும் இல்லை, பதிவு அதற்குள் பலர் கண்ணில் பட்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் ஐம்பது செய்திகள். பெரும்பாலும் கும்பிடும் கைகளும் 'தைரியமாக இருங்கள்' என்ற வார்த்தைகளும். யார், என்ன என்று விசாரித்தவர்கள் சிலர். இரண்டு பேர் மருந்தளவு பற்றி விவாதிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் மட்டும், 'எனக்கும் இது நடந்திருக்கிறது, வேறு மருந்து' என்று எழுதினார். அன்றிரவே அக்கா குழுவிலிருந்து வெளியேறினார்.

பிறகு அவர் சொன்னது: தொண்ணூறு பேர் தன்னைச் சுற்றி நின்று பார்ப்பது போல இருந்ததாம். அந்த ஒரே ஒரு வரியை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டாராம்.

செயற்குழுவில் நடந்த வாக்குவாதம்

மறுநாள் செயற்குழு கூடியது. புகார் நிலுவையில் இருக்கும்போது சங்கம் தலையிடக்கூடாது என்று ஒரு தரப்பு. 'நம் ஆளை நாமே காப்பாற்றுகிறோம் என்று சொல்வார்கள்' என்றார்கள். கேட்க எரிச்சலாக இருந்தாலும் அதில் நியாயம் இருந்தது. தலைவரையும் இன்னும் இருவரையும் மன்றம் நிபுணர் கருத்துக்கு அழைக்க வாய்ப்பு இருந்தது. துணை நிற்பவரே தீர்ப்புக்கும் கருத்துச் சொன்னால், புகார் கொடுத்த குடும்பத்துக்கு அது அநீதி.

அதனால் இரண்டையும் பிரித்தோம். கருத்துச் சொல்ல அழைக்கப்படக்கூடிய மூவரும் இந்த விஷயத்திலிருந்து முழுவதுமாக விலகினார்கள். துணைக்கு இரண்டு பேர்: ஒரு மூத்த உறுப்பினர், அந்த இளைஞர். இவர்கள் சிகிச்சை விவரங்களைக் கேட்கக்கூடாது, எதையும் எழுதி வைக்கக்கூடாது என்று முடிவு செய்தோம். காரணம், வழக்கறிஞரிடம் பேசுவதற்கு இருக்கும் பாதுகாப்பு சக உறுப்பினரிடம் பேசுவதற்கு இருக்கும் என்று நம்ப முடியாது. நாளை யாராவது அதிகாரபூர்வமாகக் கேட்டால் சொல்ல வேண்டி வரலாம். 'மனசு எப்படி இருக்கு, வேலை எப்படி ஓடுது', இவ்வளவுதான் எல்லை. தவறு பற்றிப் பேச காப்பீட்டு நிறுவனம் ஏற்பாடு செய்த வழக்கறிஞர் இருந்தார்.

எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி அவரை மனம் திறந்து பேச வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நான் எதிர்த்தேன். அதிர்ச்சிக்குப் பிறகு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைக்கும் முறையைப் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002-இல் அலசியது. அந்த முறை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்பதுதான் அதன் முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு கவனி, கேள், இணை என்ற மூன்றையே சொல்கிறது. பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை. அதையே பின்பற்றினோம்.

மூத்த உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது பதவி பார்த்து அல்ல. குழுவில் அந்த ஒற்றை வரியை எழுதியவர் அவர்தான்.

அந்த மாலை

மூத்தவர் மருத்துவமனை மூடும் நேரத்துக்குப் போனார். 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கவில்லை. 'நாளைக்கு என்னென்ன வேலை இருக்கு?' என்று கேட்டார். நாட்குறிப்பைத் திறந்து இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இதை நான் எடுத்துக்கறேன், இதைத் தள்ளிப் போடலாம், இது நீங்களே செய்யலாம். இப்படியே அரை மணி நேரம். பிறகுதான் அவர் அழத் தொடங்கினார்.

பேச்சு நடுவில், 'காலையில எழுந்திருக்கவே வேண்டாம்னு தோணுது' என்றார். மூத்தவர் அதைக் கடந்து போகவில்லை. 'உயிரை விட்டுடலாம்னு யோசிக்கறீங்களா?' என்று நேராகக் கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. கேட்பதால் அப்படி ஆவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கேட்டது சரிதான். அவர் ஆமாம் என்றார்.

எங்கள் தொழிலில் இது வெறும் பேச்சு இல்லை. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், பொது மக்களோடு ஒப்பிட்டால் இறப்புகளில் தற்கொலையின் பங்கு ஆண் கால்நடை மருத்துவர்களிடம் 2.1 மடங்கும் பெண்களிடம் 3.5 மடங்கும் இருந்தது. ஆபத்தான மருந்துகள் கையெட்டும் தூரத்தில் இருப்பதும் ஒரு காரணம்.

அன்று மாலை எடுத்த முடிவுகள் இவை. அவர் தனியாக இருக்கக்கூடாது. அவர் சம்மதத்தோடு தங்கை அழைக்கப்பட்டார், தங்கை வரும்வரை மூத்தவர் அங்கேயே இருந்தார். மருந்து அலமாரிச் சாவியை அவரே எடுத்து மூத்தவர் கையில் கொடுத்தார். மறுநாள் காலை மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினோம், தங்கை கூடப் போனார். மருத்துவமனை ஒன்பது நாள் மூடப்பட்டது. சங்கத்தின் துணை எதுவரை, மருத்துவம் எங்கே தொடங்குகிறது என்ற கோடு அன்று தெளிவாக இருந்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். மூத்தவர் சிகிச்சை தர முயலவில்லை. கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஐந்து வாரங்கள்

அவரை மிகவும் அரித்தது இரவு அழைப்புகள். தொலைபேசி அடித்தாலே கை நடுங்கியது. சரி, அந்தத் தொலைபேசியை எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். ஆறு உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு அவருடைய இரவு அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொண்டார்கள். அவரிடம் 'உதவி வேண்டுமா' என்று கேட்கவில்லை. பட்டியலைப் போட்டு, 'இன்று முதல் ஐந்து வாரத்துக்கு இப்படி, வேண்டாம் என்றால் சொல்லுங்கள்' என்றோம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவரிடம் இருந்தது, கேட்கும் சுமை இல்லை. ஆறு பேரில் ஒருவர், யாரும் சொல்லாமலே வாரத்துக்கு ஓர் இரவு கூடுதலாக எடுத்துக்கொண்டார். வீட்டில் தூக்கம் வருவதில்லை, சும்மா விழித்திருப்பதற்குப் பதில் வேலை செய்யலாம் என்றார். அதைப் பெருந்தன்மையாக மட்டுமே பார்த்தோம்.

மூன்றாவது வாரம் அவர் பகலில் திரும்பி வந்தார், பாதி வேலையோடு. முதல் அறுவை ஒரு நாய்க்குட்டிக்குக் கருத்தடை. இளைஞர் பக்கத்தில் நின்றார், கை வைக்கவில்லை. மருந்து இழுக்கும்போது மட்டும் குப்பியைப் படித்துச் சத்தமாகச் சொன்னார்; இவர் திருப்பிச் சொன்னார். அவமானமாகத்தான் இருந்ததாம் முதலில். பத்து நாளில் பழகிவிட்டது. அவர் மருத்துவமனையில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒருவரை நாங்கள் முழுக்க மறந்துபோனோம். வரவேற்பாளர். வசைகளை எல்லாம் முதலில் காதில் வாங்கியவர் அவர்தான். மூன்று வாரம் கழித்து அவர் வேலையை விடப் போவதாகச் சொன்னபோதுதான் உறைத்தது. அவர் சங்க உறுப்பினர் இல்லை, அதனால் யார் கணக்கிலும் வரவில்லை. பிறகு அந்தத் தொலைபேசியைச் சில நாள் சங்க அலுவலகத்துக்குத் திருப்பினோம். அதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

பணம்

நல நிதியிலிருந்து ஏதாவது கொடுக்கலாம் என்று பார்த்தால் விதி குறுக்கே வந்தது. விண்ணப்பப் படிவத்தில் கஷ்டத்துக்கான காரணத்தை எழுதி, இரண்டு உறுப்பினர்கள் சான்றளித்து, செயற்குழுவில் வாசிக்க வேண்டும். இப்படி ஒரு படிவத்தை அவர் நிரப்புவார் என்று எதிர்பார்ப்பதே கொடுமை. நேரில் கொடுத்தபோதும் வாங்க மறுத்தார்.

பொருளாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் இல்லாத நாட்களில் மருத்துவமனையைப் பார்த்துக்கொண்ட மாற்று மருத்துவருக்கு, 'உறுப்பினர் சேவை' என்ற தலைப்பில் சங்கமே நேரடியாகக் கட்டணம் கொடுத்தது. அவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை, ஆனால் வாடிக்கையாளர்கள் போகவில்லை, உதவியாளர் சம்பளம் நிற்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அதுதான்.

விசாரணையும் அதன் பின்னும்

மன்றத்தின் விசாரணை ஏழு மாதம் நீடித்தது. அந்தக் காத்திருப்பு, தவறு நடந்த வாரத்தைவிட நீளமான வலி. முதல் மாதத்தில் இருந்த அக்கறை நான்காவது மாதத்தில் எங்களிடம் இல்லை. கூப்பிடுவது குறைந்துபோனது. இதை அவர்தான் வரைவில் சேர்க்கச் சொன்னார்.

முடிவில் எச்சரிக்கையும் மருந்துப் பாதுகாப்பு பற்றிய கட்டாயப் பயிற்சியும் வந்தன. உரிமம் தப்பியது. வழக்கறிஞர் அனுமதித்த பிறகு அவர் அந்தக் குடும்பத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். மன்னித்ததாகப் பதில் வரவில்லை. கடிதம் கிடைத்தது என்று மட்டும் வந்தது. அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

மருத்துவத் தவறுக்குப் பிறகு உடைந்துபோகும் மருத்துவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-இல் எழுதிய கட்டுரையில் அழைத்தார். அந்தச் சொல் வலியைப் பேசுவதற்கு வாசல் திறந்தது உண்மை. ஆனால் தவறுகளால் உறவினர்களை இழந்த குடும்பங்கள் 2019-இல் அதைக் கைவிடச் சொல்லிக் கேட்டன, பொறுப்பை அது மறைக்கிறது என்று. நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. எங்கள் உறுப்பினருக்கும் அது பிடிக்கவில்லை. 'பாதிக்கப்பட்டது பூனை. நான் செய்தவள்' என்றார்.

ஓராண்டு கழித்து, யாரும் கேட்காமல், அவரே மாத வகுப்பில் இதைப் பேசினார். இருபது நிமிடம். அந்த வாரமே பல மருத்துவமனைகளில் பெரிய குப்பிகள் வேறு அறைக்குப் போயின. எங்கள் மருத்துவமனையிலும்தான். இரவு அழைப்புக்கு மட்டும் அவர் முழுமையாகத் திரும்பவில்லை. பண்ணை வேலையை விட்டுவிட்டார்.

மாற்றியவை

விண்ணப்பப் படிவம் போய்விட்டது. மூன்று பேர் கொண்ட சிறு குழு பெயர் இல்லாமல் எண் போட்டு முடிவெடுக்கிறது. பெயர் பொருளாளருக்கு மட்டும் தெரியும். புகார் வந்த உறுப்பினருக்கு அன்றே ஒருவர் நேரில் போவார். வாட்ஸ்அப் குழுவில் எந்தச் செய்தியும் போகாது. விசாரணை எவ்வளவு நாள் நீண்டாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அழைப்பது என்று நாட்காட்டியில் குறித்து வைக்கிறோம், நினைவை நம்புவதில்லை. ஊழியர்களும் கணக்கில் வருகிறார்கள்.

துணை நிற்பவருக்கும் ஒரு துணை வேண்டும் என்பதைத் தாமதமாகத்தான் கற்றோம். மூத்தவருக்குத் தன்னுடைய பழைய சம்பவம் இரவுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சாவியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை. எங்களிடம் சொல்லவே இல்லை. இப்போது இருவர் இருவராகத்தான் அனுப்புகிறோம், அந்த இருவரோடும் மூன்றாவது ஒருவர் பேசுவார்.

அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த சூசன் ஸ்காட்டும் அவர் குழுவினரும் 2009-இல் எழுதிய ஆய்வு, இப்படித் தவறுக்கு ஆளானவர்களுக்கு முடிவில் மூன்று பாதைகள் இருப்பதாகச் சொல்கிறது. தொழிலை விட்டு விலகுவது, எப்படியோ தாக்குப்பிடிப்பது, மீண்டு வளர்வது. எங்கள் உறுப்பினர் மூன்றாவதில் இருக்கிறார் என்று நான் சொன்னபோது, 'இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் என்று எழுதுங்கள்' என்றார்.

முதல் பாதையில் போனவர் ஒருவரும் எங்களிடம் உண்டு. அடுத்த ஆண்டு சந்தா நினைவூட்டல் ஒன்று பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. விசாரித்தபோது அந்த உறுப்பினர் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை என்று தெரிந்தது. மூத்தவரும் நானும் தேடிப் போனோம். வேறு வேலையில் சேர்ந்திருந்தார். நன்றாகத்தான் பேசினார். ஏன் விட்டார் என்று சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. கூடுதலாக ஓர் இரவு எடுத்துக்கொண்டாரே, அவர்தான் அது.